ஆஃப்ரீனின் மௌனம் எந்தக் கட்டத்தில் அடங்கும்?

1

இந்தக் கதை ஒரு பாடப்புத்தகத்தில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தொலைநிலைக் கல்வியில் உளவியல் படிப்பவர்களுக்காக ஒரு பாடநூலைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். காட்பாடியில் வீடு, வேலூரில் கல்லூரி வேலை, இரண்டுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பு. ஏழாம் அத்தியாயம் வரும்வரை சிக்கல் இல்லை. ஏழாவது, கேட்டதை ஒரு காரியம் முடிகிறவரை மனத்தில் பிடித்து வைத்திருக்கிறோமே, அந்த நினைவைப் பற்றியது. யாரோ ஃபோன் நம்பர் சொல்ல, பேனா கிடைக்கிறவரை அதை உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே வீட்டைச் சுற்றுகிறோம் இல்லையா, அது. ஆங்கிலத்தில் 'வொர்க்கிங் மெமரி'; முதலில் 'வேலை நினைவு' என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருகிற கவலை மாதிரி இருந்தது. அடித்துவிட்டு 'செயல்நினைவு' என்று போட்டேன்.

பாடநூல் குழுவினர் ஓரத்தில் ஒரு குறிப்பு வைத்திருந்தார்கள்: 'உள்ளூர் எடுத்துக்காட்டு ஒன்று சேர்க்கவும். அரைப் பக்கம்.'

கலையரசியிடம் கேட்டேன். வேலூரில் ஒரு மருத்துவமனையில் உளவியலாளர். தலையில் அடிபட்டவர்களின் ஞாபகத்தைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. ஆம்பூரில் பிறந்து வளர்ந்தவள். கேன்டீனில் உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்ல என் டீ ஆறிப்போனது. அரைப் பக்கத்தில் அது அடங்காது என்று அப்போதே தெரிந்துவிட்டது.*

* எழுதலாமா என்று சம்பந்தப்பட்ட பெண்ணிடம் கலையரசி கேட்டாள். "பேரை மாத்திக்கட்டும். பாவப்பட்ட பொண்ணுன்னு மட்டும் எழுத வேணாம்" என்றாளாம். பெயரை மாற்றிவிட்டேன். இரண்டாவது நிபந்தனையைக் காப்பாற்றினேனா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

'ஆம்பூர் பைபாஸில் அந்த ஷேர் ஆட்டோ கவிழ்ந்தபோது ஆஃப்ரீன்...' (விட்டுவிட்டேன். விபத்தில் தொடங்கினால் வாசகர் கடைசிவரை ரத்தத்தையே தேடிக்கொண்டிருப்பார்.)

'மனித மனம் என்பது ஒரு விந்தையான...' (இதை எழுதியது எனக்குள் இருக்கும் விரிவுரையாளர். மன்னிக்கவும்.)

'நிக்காஹ் அன்று மணப்பெண் வாய் திறக்கவில்லை.' (இது நல்ல தொடக்கம். ஆனால் ஏன் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல நான் பின்னால் போக வேண்டும். அப்படிப் பின்னால் போவதற்குப் பதில் அங்கேயே தொடங்கிவிடலாம்.)

ஆகவே, நடந்தது நடந்தபடி.

3

ஆஃப்ரீனுக்கு இருபத்துநான்கு வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை. அப்பா இறந்துவிட்டார். வீட்டில் அம்மா சுகரா பேகம். பெரிய முடிவுகளுக்கு அம்மாவின் அண்ணன் சர்தார் பாஷா, அதாவது மாமு. கம்பெனியிலிருந்து திரும்பும்போது ஷேர் ஆட்டோ கவிழ்ந்து, தலையின் இடப்பக்கம் அடிபட்டது. வேலூரில் ஆபரேஷன் நடந்தது. பிழைத்தாள். பேச்சு வந்தது, நடை வந்தது, எல்லாரையும் அடையாளம் தெரிந்தது. மதரஸாவில் ஓதியதும், பக்கத்து வீட்டுக்காரியுடன் போட்ட சண்டையும் அப்படியே நினைவிலிருந்தன. அம்மா இனிப்பு வாங்கித் தெருவுக்கே கொடுத்தாள்.

வேலைக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. லைன் சூப்பர்வைசர் மதியழகன் வந்து, "முப்பத்தெட்டுக்கு பழுப்பு நூலு, நாப்பதுக்கு கறுப்பு, நாப்பத்திரெண்ட தொடாத" என்று சொல்லிவிட்டுப் போவார். தலையாட்டுவாள். அவர் நாலடி போவதற்குள் எது பழுப்பு, எது கறுப்பு என்பது போய்விடும். எல்லாவற்றையும் பழுப்பில் தைத்து வைத்தாள்.

"இன்னாம்மா, காதுல வாங்கறியா இல்லியா? ஆபரேஷன் முடிஞ்சதுலேர்ந்து ரொம்ப திமிராப் போச்சு உனக்கு."

காதில் வாங்கவில்லை என்று அவளாலும் சொல்ல முடியவில்லை. வாங்கினாளே. ஃபோனில் யாராவது நம்பர் சொன்னால் முதல் இரண்டு எண்ணுக்கு மேல் நிற்காது. ஒருநாள் கேஸ் புக் பண்ண முடியாமல் அழுதுவிட்டு, தானே பஸ் ஏறி வேலூர் மருத்துவமனைக்கு வந்தாள். அங்கேதான் கலையரசி.

"நான் சொல்ற நம்பரை அப்படியே திருப்பிச் சொல்லுங்க. ஏழு, ரெண்டு."

"ஏழு, ரெண்டு."

"நாலு, ஒம்பது, ஆறு."

"நாலு..." ஆஃப்ரீன் அவள் உதட்டையே பார்த்தாள். "கேட்டுச்சு மேடம். நல்லா விழுந்துச்சு. பிடிக்கிறதுக்குள்ள போய்டுச்சு."

பிறகு எண்களை அட்டையில் காட்டினாள் கலையரசி. நான்கு எண் வரை வந்தது. மேசையில் மரக்கட்டைகளைப் பரப்பி, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, அதே வரிசையில் தொடச் சொன்னாள். ஆறு கட்டைகளை ஆஃப்ரீன் தயங்காமல் தொட்டாள். கடைசியாக ஒரு வாக்கியம்: "வாணியம்பாடி பஸ்ஸு லேட்டா வந்ததால அத்தை கல்யாணத்துக்குப் போகல."

"பாவம், பஸ் கிடைக்காம அத்தைக்கு கல்யாணம் மிஸ்ஸாயிடுச்சு."

சொற்களின் வரிசை கலைந்துவிட்டது. சேதி மட்டும் சேதமில்லாமல் வந்து சேர்ந்திருந்தது.

4

(பாடம் வேண்டாதவர்கள் ஐந்துக்குப் போகலாம். ஆனால் போகாமலிருந்தால் நல்லது, சின்னதுதான்.)

செயல்நினைவுக்கு நான் வரைந்த கட்டப்படத்தில் நான்கு கட்டங்கள். ஒன்று ஒலிச்சுழல்: காதில் விழுந்த சொல் இரண்டு நொடி அங்கே எதிரொலிக்கும்; உள்ளுக்குள் திரும்பத் திரும்பச் சொன்னால் நிற்கும், விட்டால் கரையும். இரண்டாவது காட்சிப்பலகை: கண்ணால் பார்த்ததும், எது எங்கே இருக்கிறது என்பதும் அதில் நிற்கும். மூன்றாவது இடைக்கிடங்கு: ஒலியும் காட்சியும் பழைய நினைவும் சேர்ந்து ஒரு சம்பவமாகிற இடம். இவற்றுக்கு மேலே மைய நிர்வாகி. அவர் தன்னிடம் எதையும் வைத்துக்கொள்ள மாட்டார். கவனத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதும், பழக்கத்தில் தானாக வருகிற செயலைத் தடுத்து நிறுத்துவதும்தான் அவருடைய வேலை. (தன்னிடம் எதையும் வைத்துக்கொள்ளாத நிர்வாகியை நான் வேலூர் மாவட்டத்தில் இன்னும் சந்திக்கவில்லை.)

இந்தக் கட்டங்களை மண்டையைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. இது ஒரு மாதிரி, அவ்வளவுதான். ஆனால் ஆஃப்ரீனைப் போன்றவர்கள் வந்து நிற்கும்போது, கட்டங்களுக்கு நடுவில் கோடு போட்டது சரிதான் என்று தோன்றுகிறது. அவளுக்கு ஒலிச்சுழல் கிழிந்திருந்தது. மற்ற மூன்றும் நன்றாக இருந்தன.

கலையரசி இதை அவளுக்குப் படம் போட்டே விளக்கினாள். ஆஃப்ரீன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் திமிரு பிடிச்சவ இல்ல."

"இல்ல."

"அதை மதியழகன் சார்கிட்ட சொல்வீங்களா?"

சொன்னாள். மறுநாளிலிருந்து மதியழகன் ஒவ்வொரு சைஸுக்கும் நூல் கோத்த சாம்பிள் ஒன்றை அவள் மெஷினுக்கு மேலே மாட்டிவிட்டுப் போனார். கம்பெனியில் சிக்கல் அதோடு தீர்ந்தது. வீட்டில் ஆரம்பித்தது.

5

பேரணாம்பட்டிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை பெயர் அப்துல் வஹாப். டேனரியில் ஸ்ப்ரே மெஷின் ஓட்டுகிறவன். தோலுக்கு நிறமேற்றும் வேலை. பார்த்தார்கள், பிடித்தது, தேதி குறித்தார்கள்.

"ஆட்டோ கவுந்தது எல்லாருக்கும் தெரியும்" என்றாள் சுகரா பேகம். "சரியாயிடுச்சுன்னும் தெரியும். அதுக்கு மேல இன்னா சொல்றது? நல்லாத்தானே பேசுற? நல்லாத்தானே சமைக்கிற?"

"அம்மி, அவரு ஃபோன்ல நாலு விஷயம் சொன்னா ஒண்ணுதான்..."

"எந்தப் புருஷன் சொல்றதைத்தான் எந்தப் பொண்டாட்டி முழுசா கேட்டா? வாயை மூடிக்கிட்டு இரு."

சுகரா பேகத்தை இந்தக் கதையின் வில்லியாக்க எனக்குக் கை வரவில்லை. மகள் பிழைப்பாளா என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவள். கிடைத்த உயிருக்கு ஒரு வாழ்க்கையும் கிடைத்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டாள். அவ்வளவுதான்.

நான் சந்தேகப்படுவது வஹாபை. அவனைக் கலையரசி இரண்டே முறைதான் பார்த்திருக்கிறாள். அதிலும் முதல் முறை திரைக்குப் பின்னால். மீதியெல்லாம் என் கற்பனை. முதல் வரைவில் அவனை எதையும் தாங்கும் உத்தமனாக எழுதினேன். படித்துவிட்டுக் கலையரசி, "சார், இவன் டேனரில வேல செய்றானா, சொர்க்கத்துலயா?" என்று கேட்டாள். இரண்டாம் வரைவில் முரடனாக்கினேன். அதுவும் பொருந்தவில்லை. இப்போது நடுவில் நிற்கிறான். பேச ஆசைப்படுகிறவன். வேலை முடிந்ததும் அவளுக்கு ஃபோன் போட்டு, அன்றைக்கு எந்த நிறம் ஓடியது, ஃபோர்மேன் யாரைத் திட்டினான், அண்ணன் மகள் என்ன குறும்பு செய்தாள் என்று மூச்சுவிடாமல் சொல்கிறவன். ஆஃப்ரீன் "ம்", "அப்படியா", "அப்புறம்" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். இவ்வளவு பொறுமையாகக் கேட்கிற பெண் கிடைத்தாளே என்று அவன் நினைத்தான்.

அந்த நினைப்புதான் அவளைத் தூங்கவிடவில்லை.

கலையரசிக்கும் பத்திரிகை வந்தது. கொண்டுவந்து கொடுத்த சுகரா பேகம் வாசலில் தயங்கி நின்றாள். "யாராவது கேட்டா கம்பெனி தோஸ்த்துன்னு சொல்லும்மா. ஆஸ்பத்திரின்னு சொல்லாத."

கலையரசி பத்திரிகையை வாங்கிக்கொண்டாள்.

6

மண்டபத்தில் ஆண்கள் பகுதிக்கும் பெண்கள் பகுதிக்கும் நடுவே திரை. மணப்பெண் அறையில் இருபது பெண்கள், ஒரு ஃபேன். நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் சர்தார் பாஷா மாமு இரண்டு சாட்சிகளோடு வந்தார். பெண்ணின் சம்மதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் ஆண்கள் பக்கம் சொல்ல வேண்டிய வக்கீல் அவர்தான்.

உருதுவில் கேட்டார். தமிழில் எழுதுகிறேன்: பேரணாம்பட்டு இன்னாருடைய பேரனும் இன்னாருடைய மகனுமான அப்துல் வஹாபுக்கு, மாப்பிள்ளை உனக்குத் தரும் இவ்வளவு மஹருக்கு, இந்த இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் உன்னை நிக்காஹ் செய்துகொடுக்க உனக்குச் சம்மதமா?

ஆஃப்ரீன் குனிந்திருந்தாள். பதில் இல்லை.

வெட்கம் என்று சிரித்தார்கள். மாமு மறுபடியும் கேட்டார். பதில் இல்லை. சுகரா பேகம் மகளின் தோளை அழுத்தினாள்.

"சொல்லும்மா. ஒரு வார்த்தைதானே."

"மாமு, திரும்பச் சொல்லுங்க."

மூன்றாவது முறையும் சொன்னார். இந்த முறை குரலில் வெட்கத்துக்கு இடம் கொடுக்கிற சிரிப்பு இல்லை. ஆஃப்ரீன் மௌனமாகவே இருந்தாள். கதவருகே நின்ற மாப்பிள்ளையின் ஃபூஃபி, அவனுடைய அப்பாவின் தங்கை, சத்தமாகவே கேட்டுவிட்டாள்: "பொண்ணுக்கு இஷ்டம் இல்லியா இன்னா?"

[இங்கேதான் நான் மொழிபெயர்த்த அத்தியாயம் எனக்கு உதவாமல் போனது. இந்த மௌனத்தை எந்தக் கட்டத்தில் போடுவது? கேட்டது சுழலில் தங்காமல் கரைந்ததால் வந்த மௌனமா? அல்லது, ஊரே எதிர்பார்க்கிற, தானாக நாவில் வந்து நிற்கிற 'சம்மதம்' என்ற சொல்லை மைய நிர்வாகி பிடித்து நிறுத்தியதால் வந்த மௌனமா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பின்னாளில் கலையரசி அவளிடமே கேட்டாள். "முதல் தடவை தங்கல மேடம். மூணாவது தடவைக்குள்ள எல்லாம் புரிஞ்சுடுச்சு. அப்பதான் பயம் வந்துச்சு" என்றாள்.]

ஆஃப்ரீன் நிமிர்ந்தாள்.

"இஷ்டம் இருக்கு மாமு. ஆனா அவருக்கு ஒண்ணு தெரியாது. எனக்குக் காதுல விழறது நிக்காதுன்னு அவர்கிட்டப் போய்ச் சொல்லுங்க. சொல்லிட்டு, அதுக்கப்புறமும் கேக்கணும்னா வந்து கேளுங்க."

"இப்பவா?" சுகரா பேகம் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "இந்த நேரத்துலயாடி?"

"இப்ப விட்டா எப்ப அம்மி?"

சர்தார் பாஷாவுக்கே விஷயம் முழுதாகத் தெரியாது. தங்கையைப் பார்த்தார். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அறையைச் சுற்றிப் பார்த்தவரின் கண் கலையரசியிடம் வந்து நின்றது.

"நீ யாரும்மா?"

"நான் வேலூர் ஆஸ்பத்திரிலேர்ந்து வர்றேன்" என்றாள் கலையரசி.

7

அவளே அவரிடம் சுருக்கமாகச் சொன்னாள். புத்திக் கோளாறு இல்லை; மறதி நோய் இல்லை; சொன்ன சொல்லைக் கொஞ்ச நேரம் பிடித்துவைக்கிற இடத்தில் மட்டும் அடி. மாமு தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார். பிறகு திரையைத் தாண்டிப் போனார்.

அங்கிருந்து முதலில் ஒரு சலசலப்பு. அப்புறம் யாரோ உரத்த குரலில், "மறைச்சிருக்காங்க!" அதற்குப் பிறகு திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது மாமு இல்லை, மாப்பிள்ளை. முகம் தெரியவில்லை, குரல் மட்டும்.

"ஆஃப்ரீன்."

அவள் எழுந்து திரையருகே போனாள். யாரும் தடுக்கவில்லை.

"மாமு சொல்றது நெசமா?"

"நெசம்."

"அப்ப நான் டெய்லி ஃபோன்ல பேசினது?"

"நீங்க இன்னா சொன்னீங்கன்னு தெரியும். எந்த வார்த்தைல சொன்னீங்கன்னு கேட்டா தெரியாது. நம்பரு, தேதி, வரிசையா சொல்றது, இதெல்லாம் நிக்காது. உங்க அண்ணன் பொண்ணு கொலுசைக் கொண்டுபோய் அரிசி டப்பாவுல போட்டது ஞாபகம் இருக்கு. ஃபோர்மேனுக்கு உங்களைப் பிடிக்காதுன்னு ஞாபகம் இருக்கு. உங்களுக்கு உங்க அண்ணன் மேல இருந்த கோவம்கூட."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"அம்மி வேணாம்னாங்க."

"நீ?"

"எனக்குப் பயம்."

திரைக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் திரும்பிப் போனது. சரி என்றும் அவன் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

8

இதற்கு அடுத்து நடந்தது எனக்குத் தெரியாது. கலையரசி பெண்கள் பக்கம் இருந்தாள். ஆண்கள் பக்கம் என்ன பேசினார்கள் என்று அவளுக்கும் தெரியாது.

பெண்கள் பக்கத்திலிருந்து தெரிந்தவை: மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கிளம்ப எழுந்து புர்கா போட்டுக்கொண்டார்கள். சமையல்காரர் வந்து, பிரியாணி தேக்சாவைத் திறக்கலாமா வேணாமா என்று சுகரா பேகத்திடம் கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துத் தானாகவே திரும்பிப் போனார். ஆஃப்ரீன் திரையருகிலேயே நின்றாள். கலையரசி கையைப் பிடித்து உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

(அ) மாப்பிள்ளையின் பெரியப்பா கிளம்பலாம் என்கிறார். வஹாப் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று ஒரு பேச்சு... (கிழித்துவிட்டேன். அது சினிமா.)

(ஆ) நிக்காஹ் நடத்த வந்த ஹஜ்ரத் எல்லாரையும் உட்காரவைத்து, "உண்மையைச் சொன்ன பொண்ணை விட்டுட்டு எங்கப்பா போறீங்க?" என்கிறார். (நடந்திருக்கலாம். ஆனால் வஹாபுக்கு அங்கே வேலையே இல்லாமல் போகிறது.)

(இ) எல்லாரும் கத்துகிறார்கள். வஹாப் ஒன்றும் பேசாமல் போய், விட்டுவந்த இடத்தில் மறுபடியும் உட்கார்ந்துகொள்கிறான். கத்துகிறவர்கள் ஒவ்வொருவராக ஓய்கிறார்கள். (இது எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.)

எது எப்படியோ, ஃபூஃபி முதலில் புர்காவைக் கழற்றினாள். பிறகு மற்றவர்கள். சர்தார் பாஷா மாமு அதே இரண்டு சாட்சிகளோடு திரும்பி வந்தார். அவர் கண் சிவந்திருந்தது.

இந்த முறை வாக்கியத்தை உடைத்து உடைத்துக் கேட்டார். பெயரைச் சொல்லி நிறுத்தினார். ஆஃப்ரீன், "பேரணாம்பட்டு அப்துல் வஹாப்" என்றாள். மஹரைச் சொல்லி நிறுத்தினார். அதையும் திருப்பிச் சொன்னாள். சாட்சிகளைக் கையால் காட்டினார். அவர்களைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"சம்மதமா?"

"கபூல்" என்றாள், அறை முழுவதும் கேட்கும்படி.

சுகரா பேகம் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதாள். மாலை கிளம்பும்போதும் கலையரசியிடம் அவள் பேசவில்லை. ஒரு டப்பா நிறைய பிரியாணியை மட்டும் கையில் திணித்தாள்.

9

அடுத்த வருடம் ஆஃப்ரீன் மறுபரிசோதனைக்கு வந்தாள். வஹாபும் கூட வந்திருந்தான். முடிவு அதேதான்: இரண்டு எண்கள், மூன்றாவது இல்லை. சரியாகிவிடும் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை.

"வீட்டுல எப்படி?" என்று கேட்டாள் கலையரசி.

"பேஜாராத்தான் இருக்கு மேடம்" என்றான் வஹாப், ஒளிக்காமல். "கடைக்குப் போறப்ப நாலு சாமான் சொன்னா ரெண்டு வரும். ஒரே விஷயத்தை மூணு தபா சொல்லணும். சில நாளு கோவம் வருது, கத்திடறேன்."

"கத்தினது மட்டும் ஒரே தபால நின்னுடுது" என்றாள் ஆஃப்ரீன்.

அவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பைப் பார்த்த தைரியத்தில் கலையரசி, அன்று அவன் திரையிலிருந்து திரும்பிப் போன பிறகு ஆண்கள் பக்கம் என்ன நடந்தது என்று கேட்டாள்.

"எனக்கே சொல்லல மேடம்" என்றாள் ஆஃப்ரீன். "எத்தனையோ தபா கேட்டுட்டேன். சொன்னா மறந்துடப் போறேன்னு நெனைக்கறாரு போல."

வஹாப் தரையைப் பார்த்தான். விரல் இடுக்கில் டேனரிச் சாயம் போகாமல் இருந்தது.

"மறக்க மாட்டா மேடம், அதான் சொல்லல" என்றான்.

ஆஃப்ரீன் பையை எடுத்துக்கொண்டு அவனுக்கு முன்னால் நடந்தாள். வாசலில் நின்று அவன் வருகிறானா என்று திரும்பிப் பார்த்தாள்.

பாடநூலுக்கு அரைப் பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். அதில் எண்களும் கட்டைகளும் மட்டும். அன்று ஆண்கள் பக்கம் பேசப்பட்டவற்றை நான் எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தோன்றினால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதினால், தயவுசெய்து அவளிடம் படித்துக் காட்டாதீர்கள்.